சோத்தாங்கை, பீச்சாங்கை, சாரணர் கை

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆள் கழுத்தில் கலர் துணி கட்டி, இடுப்பில் கயிறு தொங்கவிட்டு, விசில் ஊதிக்கொண்டு திரிந்தால் ஊர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும். சாரணர் படை நடத்துகிறேன் என்று சொன்னால் மட்டும் "வணக்கம் சார்" என்றுவிட்டு ஒதுங்கிப் போகும்.

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை மத்தியானங்களில் நான் அந்த வேலையைத்தான் செய்கிறேன். வாத்தியார் இல்லை. வாரநாட்களில் ரயிலேறி விழுப்புரம் போய் ஒரு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவன். மகன் சாரணனாக இருந்த காலத்தில் அவனுக்குத் துணையாக வந்தேன். அவன் படித்து முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் மைதானத்திலேயே நின்றுவிட்டேன். கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம், ரத்ததான முகாம் என்று சம்பளமில்லாமல் எதிலாவது மாட்டிக்கொண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இந்த வருடம் பள்ளி திறந்ததும் புதுத் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மரியாதையாகவே சொன்னார். சனிக்கிழமை மத்தியானத்தை நீட் வகுப்புக்குக் கேட்கிறார்களாம். ஆண்டு விழா வரை பொறுத்துப் பார்ப்பாராம். அன்றைக்குப் பெற்றோர் யாராவது படை வேண்டும் என்றால் இருக்கட்டும், இல்லாவிட்டால் மைதானத்தில் நிற்கிற பசங்கள் வகுப்பறைக்குள் போகட்டும். "இதனால என்ன பிரயோஜனம்னு ஒருத்தராவது எழுந்து சொல்லணும் சார், அவ்ளோதான்" என்றார்.

அவர் கேட்பதற்கு முன்பே அந்தக் கேள்வியை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானே பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். கயிற்றில் முடிச்சுப் போடத் தெரிந்த எவனுக்கும் அதனால் வேலை கிடைத்ததாகத் தெரியவில்லை. பசங்களுக்காகப் போகிறேனா, போக வேறு இடமில்லாமல் போகிறேனா என்பதும் தெரியவில்லை. வீட்டில் மனைவியிடம் கேட்டேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: "பசங்களுக்கு என்னா பிரயோஜனம்னு எனக்குத் தெரியாது. சனிக்கிழமை நீங்க வூட்ல இல்லாதது எனக்குப் பிரயோஜனம்."

கேடயம்

சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. போர்வீரன் இடது கையில் கேடயம் பிடித்திருப்பான்; அதைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை நீட்டினால், 'உன்னை நம்புகிறேன்' என்று பொருள். இந்த இடத்தில் என் குரல் தானாகவே கனத்துவிடும். பசங்கள் சிலர் அந்த நேரத்தில்தான் மூக்கு நோண்டுவார்கள்.

புதிதாகச் சேர்ந்த தினேஷ் மூக்கு நோண்டவில்லை. முழுக்கதையையும் மனதில் வாங்கிக்கொண்டு, மறுநாள் தன் அத்தையின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையிடம் இடது கையை நீட்டிவிட்டான். மாப்பிள்ளையின் அப்பாவிடமும் நீட்டினான். கூடத்தில் பேச்சு நின்றுபோனதாம்.

அடுத்த சனிக்கிழமை தினேஷின் அப்பா ஏழுமலை, பைக்கின் பின்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையோடு மைதானத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மயிலம் பக்கம் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர். நான் கேடயக் கதையை ஆரம்பித்தேன். "எங்க வூட்ல யாருகிட்ட சார் கேடயம் கீது?" என்றார். உலகம் பூராவும் சாரணர்கள் இப்படித்தான் என்றேன். பைக்கை ஸ்டாண்ட் போட்டு இறங்கினார். பிறகு தாழ்ந்த குரலில், அழாத குறையாகச் சொன்னார்: "இவனுக்கு சோத்தாங்கை எது, பீச்சாங்கை எதுன்னு புரியவைக்கறதுக்குள்ள எங்க உசுரு போய் வந்துச்சு சார். நீங்க ஒரே சனிக்கிழமைல கலைச்சு வுட்டீங்களே!"

தினம் ஒரு நற்செயல்

ஒரு சாரணன் தினமும் யாருக்காவது ஒரு நல்லது செய்யவேண்டும். செய்ததைச் சனிக்கிழமை என்னிடம் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை வந்தால் திண்டிவனத்துப் பெரியவர்கள் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. வாரம் பூராவும் சும்மா இருந்த பசங்கள் அன்றைக்குத்தான் ஆள் தேடி அலைவார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலை. எனக்கு ரயில் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் மேம்பாலம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன், எனக்கு முன் சீட்டில் வேகவைத்த மல்லாட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவர். எந்த ஊருக்கும் போகிறவர் இல்லை. கழுத்தில் துணி கட்டிய இரண்டு பையன்கள் ஓடிவந்து, "குடுங்க ஆயா, நாங்க ஏத்துறோம்" என்று கூடையைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்துவிட்டார்களாம். கூடை போகிறதே என்று அவரும் ஏறியிருக்கிறார். இறங்குவதற்குள் பையன்கள் வெளியிலிருந்து தட்டி "ரைட், ரைட்" என்றும் சொல்லிவிட்டார்கள்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு என் பையில் சாரணர் துணி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டார். நல்லவேளையாக விக்கிரவாண்டி வருவதற்குள் பஸ்ஸிலேயே கூடை காலியாகிவிட்டதால் கோபம் பாதியாகக் குறைந்திருந்தது. மீதிப் பாதிக்கு மட்டும் திட்டினார்: "புண்ணியம் பண்றதுன்னு முடிவு பண்ணிட்டானுங்க, பொம்பளைங்க ஓசில போற பஸ்ஸாப் பாத்து ஏத்தக் கூடாதா?"

எரியாத தீ

அரையாண்டு விடுமுறையில் மேல்சித்தாமூர் பக்கம் முகாம் போட்டோம். இடம் கொடுத்தவர் ஒரு சமணக் குடும்பத்துப் பெரியவர். நயினார் என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். தண்ணீர், நிழல், கழிப்பறை எல்லாம் கொடுத்துவிட்டு இரண்டே இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டார். சமையலும் சாப்பாடும் பொழுது சாய்வதற்குள் முடியட்டும். இருட்டிய பிறகு வெளியில் தீ மூட்டவேண்டாம், பூச்சிகள் வந்து விழும். நியாயம்தான். ஆனால் முகாம் என்றாலே கடைசியில் தீயைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடுவதுதான். அதற்காகத்தான் பாதிப் பேர் வருவதே.

அணித் தலைவன் அஸ்லம் வழி கண்டுபிடித்தான். விறகை முறைப்படி அடுக்கி, உள்ளே இரண்டு டார்ச் லைட்டை வைத்து, மேலே ஆரஞ்சு நிறக் காகிதத்தைப் போர்த்தினான். பார்க்கத் தீ மாதிரியேதான் இருந்தது. பசங்கள் சுற்றி உட்கார்ந்து, குளிர்காய்கிற மாதிரி அதை நோக்கிக் கையை நீட்டினார்கள். நானும் நீட்டினேன். நீட்டிய பிறகுதான், பல வருடமாக நான் செய்துகொண்டிருப்பதே இதுதானோ, எரியாத தீயில் கை காய்கிறேனோ என்று தோன்றியது. இப்படித் தோன்றுகிற நேரத்தில் பசங்கள் பாட ஆரம்பித்துவிட்டால் நல்லது. ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு சுருதி.

மறுநாள் விடைபெறும்போது, தொந்தரவு ஏதும் இல்லையே என்று நயினாரைக் கேட்டேன். அவர் சாந்தமாகச் சிரித்தார். "பூச்சிக்கு ஒண்ணும் ஆகலைங்க. அந்தப் பாட்டைக் கேட்ட எங்களுக்குத்தான் ஏதாச்சும் ஆயிருக்கும்."

முடிச்சு

ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற தாசில்தார். கயிற்றை ஒரு இழு இழுத்தால் சாரணர் கொடி விரிந்து, உள்ளே மடித்து வைத்த பூ சிதறவேண்டும். வருடா வருடம் கொடியை மடித்துக் கட்டுவது அஸ்லம்தான். இந்த முறை படையின் தலையெழுத்தே இந்த விழாவில் இருக்கிறதே என்று அவனை நம்பாமல் நானே கட்டினேன். 'உன்னை நம்புகிறேன்' என்று கேடயக் கதை சொல்லுகிற அதே ஆள்தான்.

தாசில்தார் இழுத்தார். விரியவில்லை. சிரித்துக்கொண்டே இழுத்தார், சிரிக்காமல் இழுத்தார். கொடி வெங்காய மூட்டை மாதிரி இன்னும் இறுகியது. கடைசியில் மொத்தப் பொட்டலமும் சரசரவென்று இறங்கி அவர் காலடியில் வந்து நின்றது. முதல் வரிசையிலிருந்து தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் நீட் வகுப்பின் கால அட்டவணையே தெரிந்தது. அஸ்லம் குனிந்து முடிச்சைப் பார்த்துவிட்டு, மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல் சொன்னான்: "சார், ஜல்தில மாடு கட்ற முடிச்சைப் போட்டுட்டீங்க சார். இழுக்க இழுக்க இறுகும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க?"

எழுந்து சொன்னவர்

விழா முடிந்ததும் பெற்றோரை உட்காரவைத்து, தலைமையாசிரியர் கேட்டேவிட்டார்: படை வேண்டுமா, நீட் வகுப்பு வேண்டுமா? சில அப்பாக்கள் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். எனக்குச் சாதகமாகப் பேசக்கூடியவர்கள் யார் என்று மனதுக்குள் தேடிப் பார்த்தேன். பஸ்ஸில் பார்த்த அம்மாவைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை.

பின்வரிசையில் ஏழுமலை எழுந்தார். போச்சு என்று நினைத்துக்கொண்டேன். வரப்பில் பைக்கோடு விழுந்ததில் அவருடைய வலது கையில் மாவுக்கட்டு. அந்தக் கையைத் தாங்கிக் கழுத்தில் தொங்கியது தினேஷின் சாரணர் துணி. முடிச்சைப் பார்த்தேன். முதலுதவிக் கட்டுக்கு நான் சொல்லிக்கொடுத்த அசல் ரீஃப் முடிச்சு. நான் கொடியில் போட்டதைவிட ஆயிரம் மடங்கு நேர்த்தி. இதோ, பிரயோஜனம் எழுந்து நிற்கிறது, இப்போது பேசும் என்று காத்திருந்தேன்.

"வாரம் பூரா படிக்கிறானுங்க, படிக்கட்டும்" என்றார் ஏழுமலை. "சனிக்கிழமை மத்தியானம் மட்டும் இவனை வூட்ல வெச்சிக்கினு ஒரே பேஜாரு சார். நீட்டு க்ளாஸ்னா ஃபீஸ் கேப்பீங்க. ஸ்கவுட்டு சார் ஓசிலயே பாத்துக்கிறாரு. அவரே இருக்கட்டும்." அம்மாக்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. மழை மாதிரி கைதட்டல். முடிச்சு, துணி, கேடயம் எதைப் பற்றியும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைமையாசிரியர் சிரித்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார்.

கூட்டம் கலையும்போது ஏழுமலை நேராக என்னிடம் வந்தார். மாவுக்கட்டுக் கையை ஒதுக்கி, மற்ற கையை, அந்த இடது கையை, என் முன்னால் நீட்டினார். நான் பதறிப்போய் வலது கையை நீட்டினேன். இரண்டு கையும் பொருந்தாமல் காற்றில் முட்டிக்கொண்டு நின்றன. தினேஷும் அஸ்லமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. "சார், பீச்சாங்கை சார்! கேடயத்தைக் கீழ வைங்க!"

ஆக, பள்ளி திறந்ததிலிருந்து நான் தேடிய பிரயோஜனம் இதுதான்: சனிக்கிழமை மத்தியானம் ஓசியில் பிள்ளை பார்த்துக்கொள்ள ஊருக்கு ஒரு ஆள் வேண்டும், எந்தக் கையை நீட்டுவது என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது.