கம்பிங்காரின் கக்கூஸ்

நான் பாரிசின் லா சப்பலில், பிலிப்-து-ஜிரார் வீதியில் உள்ள ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையற்காரன். இருபது வருடமாக எண்ணெய்ப் பிசுக்கோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஒரு பழைய கக்கூஸைத் துப்புரவாக்குவது என்ன பெரிய வித்தையா என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்தது.

படுக்கையும் கக்கூஸும் உள்ளேயே இருக்கும் கம்பிங்கார் வண்டியை நான் வாங்கியது ஊர் சுற்ற அல்ல. என் மனைவிக்கு ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு சிறுநீரை அடக்க முடிவதில்லை. எப்போது முட்டும் என்று தெரியாது. முட்டினால் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கமாட்டாள். அவளுடைய அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து பிரான்சின் தெற்கே துலூசில் இருக்கும் மகனிடம் வந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக ஒருவரை ஒருவர் காணவில்லை. அக்காவுக்கு முழங்கால் ஏலாது, பாரிசுக்கு வரமுடியாது. விசா முடிந்து செவ்வாய்க்கிழமை அவருக்கு விமானம். ரயிலில் போவோம் என்றால், "கக்கூஸுக்குள்ள வேற ஆரும் இருந்தா நான் என்ன செய்யிறது?" என்பாள் இவள். அதனால்தான் திரான்சியில் சினேகிதன் ஒருவனின் வளவில் நின்ற பழைய வண்டியை வாங்கினேன். வண்டி நன்றாக ஓடியது. கக்கூஸ்தான் கண்றாவி.

இந்த வகைக் கக்கூஸின் அடியில் ஒரு பெட்டி இருக்கும். எல்லாம் அதற்குள்தான் விழும். பெட்டியின் வாயை ஒரு தகடு மூடும். கசியாமல் இருக்கத் தகட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். வண்டியின் வெளிப்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து பெட்டியை இழுத்தெடுத்தேன். சீ! அந்த நாற்றத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. மஞ்சள் ஊத்தை கல்லாகப் படிந்திருந்தது. வினாகிரி ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, பழைய பல்லுத்தூரிகையால் தேய்த்தேன். பூட்டும்போது தடுமாறக்கூடாது என்று ஒவ்வொரு திருகாணியையும் கழற்றமுன் போனில் படம் எடுத்தேன். ஒபர்வில்லியேயில் உதிரிப்பாகம் விற்பவனிடம் புது வளையம் வாங்கிப் பூட்டினேன். தகடு இறுக்கமாக ஓடியது. உடனே தேங்காயெண்ணெய் தடவினேன். கதவுப் பிணைச்சல், தையல் மெசின், வெடித்த குதி, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அதுதானே. தகடு வழுக்கிக்கொண்டு போனது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாசி மாதக் குளிர். அடுத்த நாள் காலை போய்த் தகட்டைத் திறக்கும் பிடியைத் திருப்பினால் அசையவில்லை. எனக்குத்தான் பொறுமை என்பது துளியும் கிடையாதே. மூச்சைப் பிடித்து ஒரே திருப்பு. தகடு திறந்தது, வளையமும் கிழிந்தது.

கிழிந்ததைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். "சாமான் சரியில்லை. விக்கிறவன் ஏமாத்திப்போட்டான்" என்றேன். மனைவி பையைத் திறந்து மணந்து பார்த்தாள்.

"தேங்காயெண்ணையே பூசினனீங்கள்?"

"ஓம், கொஞ்சம்."

"குசினியில போத்தல் கல்லாக் கிடக்கு. குளிருக்கு உறையும் எண்டு ஒரு சமையல்காரனுக்குத் தெரியாதே?"

அடுத்ததாகச் சிரிப்பாள் என்று பார்த்தேன், அழுதாள். "ஞாயிற்றுக்கிழமை வாறன் எண்டு அக்காவுக்குச் சொல்லிப்போட்டன். நடுவழியில இது உடைஞ்சா என்ர கதி என்னப்பா? நான் வரேல்லை."

எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. நேரே ஒபர்வில்லியேக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கடைக்காரன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இன்னொரு வளையமும் குளிருக்கு உறையாத சிலிக்கோன் கிறீஸும் எடுத்துத் தந்தான். எண்ணெய் போகும்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கிறீஸை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவினேன். பிறகு பெட்டிக்குள் தண்ணீர் நிரப்பி மூடி, பழைய பேப்பரின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். ஒரு மணித்தியாலம் கழிந்தும் பேப்பர் நனையவில்லை. அதை வீடியோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கழுவத் தண்ணி?"

"ஆறு போத்தல் ஏத்தியிருக்கிறன்" என்றேன்.

ஞாயிறு காலை வண்டியை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினேன். ஏறினாள். முகத்தில் ஈயாடவில்லை. நெடுஞ்சாலையில் ஓய்விடம் கண்ட இடமெல்லாம் நிறுத்தி, "போறீரே?" என்று கேட்டேன். மூன்று இடத்திலும் தலையாட்டி மறுத்தாள். நான்காவது இடத்தில் எழுந்து கக்கூஸுக்குள் போனாள். நான் வெளியே இறங்கி, சின்னக் கதவைத் திறந்து, ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு இல்லை.

"என்னப்பா, அதுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிக்கிறியள்? ஆக்கள் பாக்கினம்!"

கை கழுவிவிட்டு முன் சீட்டில் வந்து அமர்ந்திருந்தாள். நானும் ஏறினேன். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "இனி நான் சொன்னா மட்டும் நிப்பாட்டுங்கோ. அக்கா முழங்கால் நோவோட வாசலில நிண்டுகொண்டு இருப்பா."