கார்கோவின் பூர்வீகமும் என் பூர்வீகமும்

முப்பத்தாறு வயதில், எட்டாவது தடவையாக நான் பெண் பார்க்கப் போன ஊர் பரமத்தி வேலூர். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் அவ்வளவு சுலபமாகப் பெண் கிடைக்காது; ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோ கோழிப்பண்ணையோ இருக்க வேண்டும். ஆனாலும் அந்தப் பெண் காபி கொடுத்துவிட்டு என் புத்தகப் பையைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இந்த இடமாவது தகைய வேண்டுமே என்று இருந்தது.

பெண்ணின் அப்பா ஏழு லாரி வைத்திருப்பவர். வாசலில் நின்ற லாரியின் நெற்றியில் 'கார்கோ' என்று எழுதியிருந்தது. "மாப்பிள்ளை என்னமோ ஆராய்ச்சி பண்றீங்களாமா?" என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விட்டேனா! "சொல்லோட பூர்வீகம் பாக்கறதுங்க. உங்க லாரியில இருக்கற கார்கோ ஸ்பானிஷ்ல இருந்து வந்ததுங்க. அங்க கார்கர்னா பாரம் ஏத்தறது. அதுக்கும் மூலம், லத்தீன்ல வண்டிக்கு இருந்த பேருங்க. இங்கிலீஷ்ல கார், கேரி, சார்ஜ் எல்லாம் அதே வம்சந்தான். ஆளைக் கேலியா வரையற கேரிகேச்சர்கூட, அளவுக்கு மேல பாரம் ஏத்துன படமுங்க."

"அட! அப்ப எல்லாம் ஒரே கூட்டம், பங்காளிங்கன்னு சொல்லுங்க."

எதைக் காட்டினாலும் எங்கள் ஆட்கள் முதலில் கூட்டம்தான், அதாவது குலம்தான், பார்ப்பார்கள். ஒரே கூட்டத்தாருக்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். எனக்கோ நல்ல மாணவர் கிடைத்த பூரிப்பு. "கரெக்டுங்க! ஊர் மாறினாலும் உருவம் மாறினாலும், தோண்டுனா மூலம் தெரிஞ்சிருமுங்க."

"உங்களுக்குப் பூர்வீகம் நாமகிரிப்பேட்டைதானுங்களா?"

"இல்லீங்க. பாட்டனார் காலத்துல இந்த ஊர் ஆத்தோரத்துல இருந்து போனதுதான். கோயில்ல முதல் மரியாதைச் சண்டை. கோவிச்சுக்கிட்டுப் போயி வேற கூட்டத்துக் கோயில்ல சேந்துக்கிட்டாங்க." பக்கத்தில் இருந்த அம்மா என் தொடையைக் கிள்ளினார். எனக்கு உறைக்கவில்லை. பழைய கோயிலின் பெயரையும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அட சாமி! அது எங்க கூட்டத்துக் கோயிலுங்க. நீங்க நம்ம பங்காளி!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். "தம்பி, இருந்து சாப்பிட்டுத்தான் போகோணும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. இலை போட்டார்கள். பரிமாற வந்த பெண் முகத்தில் அதே சிரிப்பு.

"அண்ணா, இன்னுங் கொஞ்சம் சோறு வெக்கட்டுங்களா?"

அந்த ஒரு சொல்லின் பூர்வீகத்தை மட்டும் நான் இன்றுவரை ஆராயவில்லை.