என் தம்பி வாசல் தாண்டிய நாள்

போலீஸுக்குப் பயந்து ஓடினான் என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளட்டும். என் தம்பி யாருக்கும் பயந்தவன் இல்லை. எதிர்வீட்டு லாரிக்காரர் ஒருநாள், "என் பையன் பட்டாளத்துல இருக்கான், நீ சண்டையே வேணாம்னு எழுதுறியா?" என்று கன்னத்தில் அறைந்தார். கீழே விழுந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அண்ணே, கை வலிக்குதா?" என்று கேட்டான் இவன். அப்புறம் ஒரு மாசம் அவர் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவனுக்கு. சாயங்காலம் வந்தால் சமையலறையில் உட்கார்ந்து எழுதுவான். யாரும் யாரையும் ஆளக் கூடாது, யாரும் யாரையும் கொல்லக் கூடாது. அவன் எழுதினதெல்லாம் இந்த ரெண்டுதான். படிக்கத் தெரியாத எனக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவான். நான் கொட்டாவி விட்ட இடத்தையெல்லாம் அடித்துவிடுவான். "அரசாங்கமே வேணாம்னா குப்பையை யாருடா அள்ளுவா?" என்று ஒருதடவை மடக்கினேன். மறுநாள் காலையில் தெருக்குப்பையை இவனே அள்ளிக்கொண்டிருந்தான். தெருவே சிரித்தது. நானும்தான்.

சண்டை மூண்ட வருஷம், அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து ரெண்டு அதிகாரிகள் வந்தார்கள். இந்த வீட்டில் இருக்கிறவரை இவன் எழுத மாட்டான், அதற்கு அக்கா பொறுப்பு என்று ஒரு காகிதம். நிதானமாக வாசித்துத்தான் காட்டினார்கள். ஏமாற்றினார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். "இல்லேன்னா நாளைக்கே உள்ள போட்டுடுவோம்மா." அம்மா போன பிறகு நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் சொன்னேன். கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"அவங்க போட்ட உத்தரவுன்னா கிழிச்சுப் போட்டிருப்பேன்க்கா. இது நீ குடுத்த வாக்கு."

"என் வாக்கு கிடக்குது, நீ எழுதுடா."

"எழுதினா உன்னைப் பிடிப்பாங்க. எழுதாம இங்கயே இருந்தா, நீ எனக்கு அதிகாரி ஆயிடுவே."

துணியை மண்ணெண்ணெயில் நனைத்து என் விரலில் இருந்த மையைத் துடைத்துவிட்டான். தினமும் தன் விரலைத் துடைக்கிற மாதிரியே. ரெண்டு சட்டை, ஒரு கட்டுக் காகிதம். அவ்வளவுதான் எடுத்துக்கொண்டான்.

போகாதேடா என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஓர் உத்தரவாகிவிடுமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் செருப்பு மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். காலை நுழைத்தால் போதும், கட்டுவதற்கு ஒரு வார்கூட இல்லாத செருப்பு அது. அப்புறம், "வரேன்க்கா" என்று நடந்தான்.