ஒட்டுனது தெரியக் கூடாது

அண்ணன் கணினித் திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, படத்திலுள்ள ஓட்டையின் மேல் ‘உஃப்’ என்று ஊதுவார். தூசி என்றால் பறந்துவிடும். பறக்காவிட்டால்தான் வேலை. சுற்றிலும் உள்ள வெளிச்சத்தை அளந்து, அதே வெளிச்சத்தால் ஓட்டையை நிரப்புவார். “ஒட்டுனது தெரியக் கூடாது. தெரிஞ்சா அது ஒட்டு இல்ல, தழும்பு” என்பார்.

செயற்கைக்கோளிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வரும் எக்ஸ்ரே படங்களைப் பத்தொன்பது வருடமாகச் சுத்தம் செய்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பஞ்சர். இயக்குநருக்கு வெறும் பஞ்சர், பக்கத்து மேஜைக்காரனான எனக்கு அண்ணன். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு பசைக் குழாயும் இருக்கும். அவருடைய மூக்குக் கண்ணாடி ஒருமுறை உடைந்தது. எங்கே உடைந்தது என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் கூடி நிற்கும் கொத்துகளில், இடைவெளி முழுக்கக் கோடிக்கணக்கான டிகிரியில் கொதிக்கும் வாயு. எக்ஸ்ரேயில் தெரிவது அதுதான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கொத்தின் படத்தில், நடு மண்டலத்துக்கு இருபுறமும் இரண்டு இருண்ட பள்ளங்கள். அண்ணன் ஊதிப் பார்த்தார், போகவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

“சார், கோளாறுன்னா இப்படி ஜோடியா வருமா? நடுவுல இருக்கிறது ரேடியோ அலையைக் கக்குற மண்டலம். அதுதான் ரெண்டு பக்கமும் வாயுவைத் தள்ளுதோ என்னமோ. ரேடியோ படத்தை ஒரு தடவை மேல வெச்சுப் பார்த்துடலாமே?”

இயக்குநர் நிமிரவில்லை. “பஞ்சர், உங்க வேலை ஆராய்ச்சியா, ஒட்டுறதா? ஒட்டுங்க.”

ஒட்டினார். அவர் கை பட்டால் கேட்க வேண்டுமா, பள்ளம் இருந்த சுவடே இல்லை. ஒட்டாத படத்தை மட்டும் அச்செடுத்து, ஓரத்தில் ‘இது கோளாறு இல்லை’ என்று எழுதி, தேதியும் தன் பெயரும் போட்டுத் தனியே வைத்துக்கொண்டார்.

போன வருடம் வேறொரு ஆய்வகத்துக்காரர்கள் அதே கொத்தின் எக்ஸ்ரே படத்தின் மேல் ரேடியோ படத்தை வைத்துப் பார்த்தார்கள். ரேடியோ வெளிச்சம் அச்சு மாறாமல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. நடுவிலுள்ள கருந்துளை பீய்ச்சியடித்து ஊதிய குமிழிகள் அவை. ஆறிப்போக வேண்டிய வாயு ஆறாமல் இருப்பதும் அதனால்தான். அடியில் அடுப்பு அணையவே இல்லை. எங்கள் கூட்டத்தில் இயக்குநர் சொன்னார்: “நம்மகிட்டயும் இருந்துச்சு. நம்ம பஞ்சர்தான் ஒட்டித் தொலைச்சுட்டார்.” அறையே சிரித்தது. வெட்கக்கேடு, நானும் சிரித்தேன்.

மறுநாள் அண்ணன் ஒட்டாத படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இயக்குநருக்கு வாயெல்லாம் பல். “அட, நாமதான் முதல்ல பார்த்திருக்கோம்! கட்டுரை போட்டுடுவோம்!”

“‘நாம’ன்னு சொன்னாருப்பா” என்று அண்ணன் என்னிடம் நாலு தடவை சொன்னார். “உங்க அண்ணிகிட்டயும் சொல்லிட்டேன், பேரு வருதுன்னு. பத்தொன்பது வருஷமா என்ன வேலை பார்க்குறேன்னு அவளுக்கும் ஒரு தடவை தெரியட்டும்.”

இன்று காலை ஆய்வக இதழ் வந்தது. ‘நாம்’ அச்சில் ‘நாங்கள்’ ஆகியிருந்தது. அந்த ‘நாங்கள்’ ஐந்து பேர். அண்ணன் அதில் இல்லை. கட்டுரையின் அடியில், எறும்பு போன்ற எழுத்தில், ‘படத்தைச் சுத்தம் செய்த ஊழியருக்கு நன்றி.’ படத்தின் ஓரத்தில் அவர் எழுதியிருந்ததையும் காணோம். அந்த இடத்தை யாரோ ஒட்டியிருந்தார்கள். அண்ணன் குனிந்து, இடது கண்ணை மூடி, ஊதிப் பார்த்தார்.

“கைப்பழக்கம் இல்லாதவன். ஓரம் தெரியுது பாரு.”

“அண்ணி கேட்பாங்களேண்ணே” என்றேன், அதைப் போய் ஏன் சொன்னேனோ.

அவர் இதழின் வெற்று ஓரத்திலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்கினார். பசை தடவி, அந்த நன்றி வரியின் மேல் வைத்து, கட்டை விரலால் ஓரங்களை நீவினார். பிறகு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் என் முன்னால் தூக்கிப் பிடித்தார்.

“தெரியுதா?”