விறகு மூட்டையும் என் இடுப்பும்

விறகுத் தொழிலில் பாதி வேலை மரத்தோடு, மீதி வேலை இடுப்போடு.

பாரிவாக்கத்தில், சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட எங்கள் துண்டு நிலத்தில் சவுக்கு போட்டிருக்கிறேன். வெட்டி, காயவைத்து, சாக்கில் கட்டி, பின்னாலிருக்கும் கொட்டகையிலிருந்து வாசல் கேட் வரை கொண்டுவர வேண்டும். எக்ஸ்ரேவைப் பார்த்த பூந்தமல்லி டாக்டர், இனி மூட்டை தூக்கினால் ஆபரேஷன்தான் என்றார். தூக்காவிட்டால் வியாபாரம் இல்லை. தைலம் தடவிக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சக்கரம், ஒரு பழம்

முதலில் வாங்கியது, கட்டட வேலையில் ஜல்லி அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. என்னோடு வேலை செய்யும் மைத்துனன் ஏழுமலை அதற்குக் குங்குமம் வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தான். ஒரே சக்கரம் என்பதால் மிச்சப் பழங்கள் ஜூஸாகிவிட்டன.

மூட்டையை வண்டித் தொட்டிக்குள் வைப்பதற்கே இருவரும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. இடுப்பில் சுளீரென்றது. கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து மூட்டையை இறக்கிவைத்தது. ஏழுமலை அதை நிமிர்த்தவில்லை.

"மாமா, தூக்கி வெக்க ரெண்டு ஆளு, சாயாம புடிக்க ஒரு ஆளு. அப்ப வண்டி இன்னாத்துக்கு?"

சிலிண்டர் ஸ்டாண்டு

பக்கத்து அடுக்குமாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கார்த்திக், திருநெல்வேலிக்காரர். மொட்டைமாடியில் கறி சுட எங்களிடம்தான் விறகு வாங்குவார். என் நிலைமையைப் பார்த்து, கேஸ் சிலிண்டருக்கு அடியில் வைக்கும் சக்கர ஸ்டாண்டைக் கொண்டுவந்தார். உயரமில்லாதது. மூட்டையை அதன்மேல் சரித்தாலே போதும்.

சரித்தோம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. குட்டிச் சக்கரங்கள் களிமண்ணில் சத்தமில்லாமல் இறங்கின. மூட்டை, நட்டுவைத்ததுபோல் நின்றது. கார்த்திக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தோட்டத்துக்கு டைல்ஸ் போட்டுட்டா சரியாயிரும்லா?"

அம்பத்தூர் பயணம்

செருப்பு வாங்கப் போகிறவன் காலை வீட்டில் விட்டுவிட்டுப் போவதில்லை. வேறு வண்டி வாங்க அம்பத்தூருக்குப் போனபோது, ஷேர் ஆட்டோவில் ஒரு மூட்டை விறகையும் கொண்டுபோனோம். ஏற்றி இறக்கியது ஏழுமலை.

குடோன்களில் அரிசி மூட்டை தள்ளும் கைவண்டிகள் கடையில் வரிசையாக நின்றன. நிமிர்ந்த சட்டம், அடியில் மூட்டைக்குக் கீழே செருக ஒரு இரும்புத் தகடு. காற்றடிக்கும் பெரிய டயர் போட்ட ஒன்றை எடுத்து, கடைக்கு வெளியே சேற்றில் மூட்டையோடு ஓட்டிப் பார்த்தோம். புதையவில்லை. இதற்குள் டீக்கடைக்காரர் ஒருவர் விறகு என்ன விலை என்று கேட்க, ஏழுமலை பேரம் பேச உட்கார்ந்துவிட்டான். கடைக்காரர் வெளியே வந்தார்.

"வண்டி வாங்க வந்தியா, என் கடை வாசல்ல வெறகு விக்க வந்தியா நைனா?"

வெள்ளிக்கிழமை

காட்டுப்பாக்கத்துக் கல்யாணப் பிரியாணிக்கு விறகெடுக்க மாஸ்டர் சலீம் பாய் வந்தார். ஏழுமலையை விலகச் சொன்னேன். வாங்கிவந்த கைவண்டியின் தகட்டை மூட்டைக்கு அடியில் செருகி, கைப்பிடியை என் பக்கம் சாய்த்தேன். மூட்டை தானாகச் சட்டத்தில் சாய்ந்துகொண்டது. தள்ளினேன். கேட்டருகே நிறுத்திவிட்டு, வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. தைலப் புட்டியோடு வாசலில் நின்றிருந்த என் மனைவி காஞ்சனா, புட்டியை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சலீம் பாய்க்கு மட்டும் ஏதோ குறை.

"தூக்கசொல்ல அம்மான்னு கத்துவியே, அந்த சத்தம் கேக்காம எனக்கு வெறகு வந்தாப்லயே இல்ல நைனா."

ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழுமலை அந்த வண்டியை யார் கையிலும் தருவதில்லை என்பதால், இடுப்பு நன்றாக இருந்தும் இப்போது நான் சும்மாதான் இருக்கிறேன்.