மின்ஜி மேடத்தோட கடைசி நூடுல்ஸ் பாக்கெட்டு

வாணலி மூடிய தொறந்ததும் வந்த வாசனை நல்லாத்தான் இருந்துச்சு... உள்ள பாத்தா, மொத்தமும் ஒரே உருண்டை, களி மாதிரி.

அப்போ எனக்கு கல்யாணம் ஆகல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனில வேலை. திருத்தணில இருந்து கம்பெனி பஸ்ல போய்கினு இருந்தேன். எங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்க கொரியாவுல இருந்து வந்தவங்க மின்ஜி மேடம். என்னை விட ரெண்டு வயசு தான் பெரியவங்க.

கேன்டீன் சாம்பார் ஒரு வாய் வச்சாலே கண்ணுல தண்ணி வந்துரும் அவங்களுக்கு. தெனம் வாழப்பழம், பிஸ்கட்டு... மூணே மாசத்துல பாதியா எளச்சுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. ஒரு நாளாவது வயிறார சாப்ட வச்சிடணும்னு கிருத்திகை அன்னிக்கு வீட்டுக்கு கூப்ட்டேன்.

வெறுங்கையோட வரல. ஊர்ல இருந்து கொண்டாந்ததுல கடைசியா மிச்சமிருந்த, வெந்தா கண்ணாடியாட்டம் பளபளன்னு தெரியற கண்ணாடி நூடுல்ஸ் பாக்கெட்டும், சோயா சாஸ் பாட்டிலும் குடுத்தாங்க. அம்மா அவங்கள மலைக்கு கூட்டிகினு போனாங்க. சாமி கும்பிட்டு வர்றதுக்குள்ள இதையே செஞ்சு அசத்திடலாம்னு எறங்கிட்டேன். பெரிய கெட்டிக்காரி இல்ல நானு...

எனக்கு தெரிஞ்சது சேமியா உப்புமா. அதே மாதிரி கேரட், பீன்ஸ், கோஸ் வதக்கி, தண்ணி கொதிச்சதும் நூடுல்ஸ போட்டு மூடிட்டேன். அதான் களி.

வீட்லயே தறி நெய்ற எங்க நைனா எழுந்து வந்து எட்டி பாத்தாரு.

"இன்னாம்மா, கஞ்சி ஜாஸ்தியான நூலு மாதிரி ஒட்டிகினு கீது. இழுக்காத, அறுந்துடும்."

பச்ச தண்ணி ஊத்தி அலசுனாரு. கையில நல்லெண்ணெய் தடவிகினு எழ எழயா பிரிச்சாரு. பாதி தேறுச்சு. காய மறுபடி வதக்கி, சாஸ் ஊத்தி, பெரிய தீயில ஒரு பெரட்டு...

நெத்தில விபூதியோட வந்து உக்காந்தாங்க மேடம். மொத வாய் எடுத்து வச்சாங்க. நான் அவங்க மொகத்தையே பாத்துகினு நின்னேன்.

"செசமி ஆயில்?"

"ஆங், நல்லெண்ணெய்" ன்னாரு நைனா.

கொரியாவுல மேடத்தோட அம்மாவும் இத எறக்குறப்போ கடைசில அதான் ஊத்துவாங்களாம். அப்புறம் தலைய நிமிர்த்தல. ரெண்டாவது வாட்டி அவங்களே தட்ட நீட்டுனாங்க. "இதுல காரமே இல்லியே, எதுக்கு இந்த பொண்ணு கண்ணு கலங்குது?" ன்னு எங்கம்மா என் காதுல கேக்குறாங்க.

இப்போ நம்ம பஜார்லயே கொரியா நூடுல்ஸ் தொங்குது. பூனால வேலை பாக்குற என் பொண்ணு போன வாரம் வீடியோ கால்ல இதே கண்ணாடி நூடுல்ஸ் செஞ்சு காட்டுனா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டல, அவ்ளோ அழகு.

"எப்டிம்மா கீது?" ன்னா. சூப்பர்னேன்.

ஆனா மேசை மேல ஒரே ஒரு தட்டு தான் வச்சிருந்தா... அந்த ஊர்ல யாராவது ஒருத்தங்க இவள வீட்டுக்கு சாப்ட கூப்ட மாட்டாங்களான்னு இருக்குது எனக்கு. களியா கிண்டி போட்டா கூட பரவால்ல.