ஏழை அடக்கம்

பண்ணைப்புரத்தில் சேலைக்கு ஓரம் அடித்துப் பிழைக்கும் ஜெபஷீலா, ஐம்பது தாண்டியும் தனி ஆள். பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் அவளேதான் வேண்டாம் என்றாள். "எங்கப்பன் மாதிரி விட்டுட்டுப் போகமாட்டாகன்னு என்ன நிச்சயம்?" என்பாள். அதைக் கேட்டால் அம்மா ரூத்தம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அப்பா சுந்தர்ராஜ் ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறியவர். அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று அம்மா சொன்னபோது ஜெபஷீலாவுக்கு ஏழு வயது. சாகிறவரை அம்மா அந்தப் பேச்சை மாற்றவில்லை.

போன மாதம் தேனியிலிருந்து செல்வின் பேசினான். ஒன்றுவிட்ட அண்ணன் மகன். குடும்ப வரலாறு எழுதிப் புத்தகமாகப் போட அலைந்துகொண்டிருந்தான்.

"அத்தை, போடி கோவில் அடக்கப் பதிவேட்டுல சின்னத் தாத்தா பேரு இருக்கு. ஊரு, வயசு எல்லாம் ஒத்துப்போகுது. நீங்க ஒரு எட்டு வந்து பாருங்க."

போனாள். தேவாலயத்து உபதேசியார் கிங்ஸ்லி பழைய ஏட்டைப் பிரித்து வைத்தார். சுந்தர்ராஜ், பண்ணைப்புரம், வயது முப்பத்து நான்கு, காய்ச்சல். பக்கத்தில் சிவப்பு மையில் 'ஏழை'.

அவள் அந்த வருடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு வயதான வருடம்.

"அநாதையாச் செத்தாரா?" என்றாள்.

"அநாதைன்னா 'அநாதை'ன்னே எழுதிருப்பாகம்மா, கீழ பாருங்க ரெண்டு பேரு இருக்கு. இது வேற. பெட்டி, குழி எல்லாம் சபைச் செலவு. பெண்டாட்டி பிள்ளை இருந்தா அவுகளே வந்து, சபை மூப்பர்க முன்னால நின்னு, 'எங்களால முடியல'ன்னு வாயால கேக்கணும். மத்தவுக கேட்டா எழுத மாட்டாக."

"யாரு கேட்டிருப்பா?" என்றான் செல்வின்.

ஜெபஷீலா அந்த வருடத்தின் மேல் விரலை வைத்தாள். அம்மா ஒரு நாள் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனதும், மறுநாள் மதியம் திரும்பி வாசலிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதும் நினைவிருந்தது. ஈரத் தலையோடுதான் சொன்னாள், "உங்கப்பாரு இனி வரமாட்டாக" என்று. புருசனின் அண்ணன்மார் தேனி பஜாரில் கடை வைத்திருந்தும் அவர்களிடம் போய் நிற்காமல், புருசனுக்கு ஏழைக் குழி கேட்டு வாங்கியவள் என்று ஊர் சொல்வதைவிட, புருசன் விட்டுவிட்டுப் போனவள் என்று சொல்வது அம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கிறது.

கல்லறைத் தோட்டத்தின் பின்மூலையில் ஏழைகள் பகுதி. கல்லும் இல்லை, மேடும் இல்லை. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செல்வின் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஏழைன்னு புத்தகத்துல போட வேணாம் அத்தை. செத்த வருசம் மட்டும் போட்டுக்கிடுவோம். தாத்தாமாருக்கும் அது மரியாதையா இருக்காது."

"உங்க தாத்தாமாரு மரியாதை இருக்கட்டும்டா. ஏழைன்னே போடு. எங்கம்மா கேட்டு அடக்கம் பண்ணுச்சுன்னும் போடு."

"பாட்டி மறைச்சு வச்சதை நாம எதுக்கு…"

"எழுதுறதுன்னா எழுது. இல்லன்னா எங்க அப்பா பேரையே எடுத்துரு."

அவன் தலையாட்டினான். பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.

"நீ கெளம்புப்பா. நான் செத்த நேரம் இருந்துட்டு பஸ்ல போயிக்கிறேன்."

அவன் போனபின் அப்பாவிடம் ஏதாவது பேசலாம் என்று நின்றாள். ஒன்றும் வரவில்லை. அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்ததெல்லாம் நடக்காத கதை.